மிதிவண்டியின் முன் சஸ்பென்ஷன்

மிதிவண்டியின் முன் சஸ்பென்ஷன் என்பது, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கிற்குள் சுருள்வில்லையோ அடைத்த காற்றையோ வைத்து, சாலையின் மேடுபள்ளங்களால் எழும் அதிர்ச்சி கைப்பிடிக்கு வராமல் குறைக்கும் அமைப்பாகும். பேச்சுவழக்கில் இதை ‘ஷாக்’ என்றும் ‘ஷாக் அப்சார்பர்’ என்றும் சொல்வர். மலைப்பாதைகளில் ஓட்டும் வண்டிகளுக்காக உருவான இவ்வமைப்பு, இன்று பள்ளி மாணவர்களின் வண்டியிலும் காலை உடற்பயிற்சிக்கென வாங்கும் வண்டியிலும்கூடப் பரவலாகக் காணப்படுகிறது.

மிதிவண்டி வாங்கச் செல்லும் குடும்பங்கள் பெரும்பாலும் கடை வாசலில் ஒரு குழப்பத்தைச் சந்திக்கின்றன. ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டு வண்டிகள் நிற்கும். ஒன்றில் பருத்த ஃபோர்க்கும் முரட்டு டயரும் இருக்கும். மற்றொன்றில் வெறும் இரும்பு ஃபோர்க்தான். பிள்ளைகள் கைகாட்டுவது முதல் வண்டியை. ‘நம் ஊர்ச் சாலைக்கு ஷாக் இருந்தால் நல்லதுதானே’ என்று பெற்றோரும் நினைப்பர். மோட்டார் சைக்கிளில் இருப்பது சைக்கிளிலும் இருக்கட்டுமே என்ற எண்ணம் இயல்பானதே. ஆனால் நாள்தோறும் பள்ளிக்கோ கடைத்தெருவுக்கோ நான்கைந்து கிலோமீட்டர் போய்வருபவருக்கு, விலை குறைந்த முன் சஸ்பென்ஷன் பெரும்பாலும் பயன்தருவதில்லை. பல நேரங்களில் அது சுமையாகவே முடிகிறது. ஏன் என்பதை அறிய அதன் அமைப்பையும் வரலாற்றையும் சற்றே பார்க்க வேண்டும்.

அமைப்பு

சாதாரண ஃபோர்க் இரண்டு கால்களாகப் பிரியும் எஃகுக் குழாய்களால் ஆனது. அதில் அசையும் பாகம் எதுவும் இல்லை. சஸ்பென்ஷன் ஃபோர்க்கில் ஒவ்வொரு காலிலும் இரண்டு குழாய்கள் உண்டு. மேலிருந்து வரும் பளபளப்பான குழாய், சக்கரத்தோடு பிணைந்த அகலமான உறைக்குழாய்க்குள் ஏறி இறங்கும். அது ஏறி இறங்கக்கூடிய தூரத்திற்கு ‘டிராவல்’ என்று பெயர். சாதாரண வண்டிகளில் இது 40 முதல் 80 மி.மீ. வரை இருக்கும். மலைவண்டிகளில் 100 மி.மீ.க்கு மேலும், செங்குத்துச் சரிவில் இறங்கும் பந்தய வண்டிகளில் 200 மி.மீ. அளவிலும் இருக்கும்.

நல்ல சஸ்பென்ஷனுக்கு இரண்டு உறுப்புகள் தேவை. ஒன்று வில், மேட்டில் ஏறும்போது அமுங்கி ஆற்றலை வாங்கிக்கொள்வது அது. மற்றொன்று தணிப்பான். அமுங்கிய வில் விடுபடும்போது துள்ளாமல், மெல்லத் திரும்பச் செய்வது தணிப்பானின் வேலை. அலுவலகக் கதவுகளின் மேல்மூலையில், கதவு படாரென்று அறையாமல் மெதுவாகச் சாத்தும் ஒரு கருவி இருக்கும். அதற்குள் எண்ணெய் ஒரு சிறு துளை வழியே நெருக்கிக்கொண்டு போவதால்தான் கதவின் வேகம் குறைகிறது. ஃபோர்க்கின் தணிப்பானும் அதே முறையில் இயங்குவதே. வில் மட்டும் இருந்து தணிப்பான் இல்லாவிட்டால் அந்த ஃபோர்க் அதிர்ச்சியை உள்வாங்கி அடக்காது. வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

விலை குறைந்த வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது சுருள்வில் மட்டுமே என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளலாம்.

வரலாறு

1860களில் ஓடிய மிதிவண்டிகளின் மரச்சக்கரங்களுக்கு இரும்புப் பட்டைதான் பூட்டப்பட்டிருந்தது. கல் பாவிய தெருக்களில் அவை உடலை உலுக்கியெடுத்ததால், எலும்பை ஆட்டும் வண்டி என்று ஆங்கிலேயர் அவற்றுக்குப் பட்டப்பெயர் வைத்தனர். 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்றுசக்கர வண்டிக்காகச் செய்த காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் 1845-லேயே இதே கருத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தது பின்னரே தெரியவந்தது. ஆனால் உலகெங்கும் மிதிவண்டியில் பரவியது டன்லப்பின் டயர்தான். மிதிவண்டியின் முதல் சஸ்பென்ஷன் என்று இந்தக் காற்று டயரைச் சொல்லலாம். அதைவிட எடை குறைந்ததும் மலிவானதுமான அதிர்வுதாங்கி இன்றுவரை வரவில்லை.

இந்தியச் சாலைகளில் பல பத்தாண்டுகள் ஓடிய கறுப்பு நிறப் பெரிய சைக்கிளை எண்ணிப்பார்க்கலாம். 28 அங்குலச் சக்கரம், ஒன்றரை அங்குல அகல டயர், நுனியில் முன்னோக்கி வளைந்த ஃபோர்க், தோல் சீட்டுக்கு அடியில் தடித்த சுருள்வில். இதுதான் அதன் முழு ஏற்பாடு. பால் கேன்களும் நெல் மூட்டைகளும் அதில்தான் போயின. அப்போது இருந்த பல சாலைகள் இன்றைய சாலைகளைவிட மோசமானவை. வில் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் மாணவர்கள் கவனிக்க வேண்டும். அது சீட்டின் கீழே இருக்கிறது, முன்சக்கரத்தில் இல்லை.

1962-இல் இங்கிலாந்தின் அலெக்ஸ் மோல்டன் சின்னச் சக்கர மிதிவண்டி ஒன்றை வெளியிட்டார். ‘மினி’ காரின் ரப்பர் சஸ்பென்ஷனை வடிவமைத்தவர் அவர். சிறிய சக்கரம் பள்ளத்தில் ஆழமாக இறங்கிவிடும் என்பதால் முன்னும் பின்னும் அவர் சஸ்பென்ஷன் வைத்தார். தேவை அறிந்து செய்த வேலை அது.

இன்று காணும் வகை மலைவண்டியிலிருந்து வந்தது. 1970களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்து மரின் வட்டாரத்தில், சில இளைஞர்கள் பழைய தடித்த டயர் வண்டிகளில் மலைச்சரிவில் இறங்கி ஓட்டத் தொடங்கினர். அவற்றிலும், அவற்றைப் பார்த்துச் செய்யப்பட்ட முதல் தலைமுறை மலைவண்டிகளிலும் சஸ்பென்ஷன் இல்லை. பால் டர்னர் உருவாக்கிய ராக்ஷாக்ஸ் நிறுவனத்தின் ‘ஆர்.எஸ்.-1’ என்னும் ஃபோர்க் 1989-இல்தான் வந்தது. அடுத்த ஆண்டு கொலராடோ மாநிலத்தின் துராங்கோவில் நடந்த உலக வாகையர் போட்டியில், கிரெக் ஹெர்போல்ட் அத்தகைய ஃபோர்க்குடன் சரிவுப் பந்தயத்தை வென்றார். அதன்பின் சில ஆண்டுகளிலேயே அது மலைவண்டியின் அடையாளமாகிவிட்டது. அடையாளம் என்றானபின் மலிவுப் பதிப்புகள் வருவது எல்லாப் பொருள்களுக்கும் நடப்பதுதான்.

பிரான்சின் பாரிஸ்–ரூபே பந்தயமும் இங்கே நினைக்கத்தக்கது. 250 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அதன் பாதையில் ஐம்பது கிலோமீட்டருக்கும் கூடுதலான தூரம் கரடுமுரடான கல் பாவியது. கில்பர்ட் துக்லோ-லசால் 1992-லும் 1993-லும் சஸ்பென்ஷன் ஃபோர்க் பொருத்திய வண்டியில் வென்றார். இனி எல்லோரும் இப்படித்தான் ஓட்டுவர் என்று தோன்றியது. ஆனால் சில ஆண்டுகளில் வீரர்கள் அதைக் கைவிட்டனர். இன்று அதே கற்களின்மேல் அவர்கள் நம்புவது அகலமான டயரையும் குறைந்த காற்றழுத்தத்தையும்தான்.

அதிர்ச்சி எங்கே சேருகிறது

சாதாரணமாக ஓட்டுபவர் நிமிர்ந்து உட்காருவார். அவருடைய எடையில் பாதிக்கு மேல், பெரும்பாலும் 60 விழுக்காடோ அதற்குக் கூடுதலாகவோ, பின்சக்கரத்தின்மேல் விழுகிறது. இதை வீட்டிலேயே அளக்கலாம். எடை பார்க்கும் கருவியை முன்சக்கரத்தின் அடியில் வைத்து, அதே உயரத்துக்குப் பின்சக்கரத்தின் அடியில் ஒரு பலகையை வைக்க வேண்டும். ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் ஏறி உட்கார்ந்து கருவி காட்டும் எடையைக் குறிக்க வேண்டும். பிறகு கருவியைப் பின்னே மாற்றிப் பார்க்க வேண்டும். எண்களைப் பார்த்ததும் ஒன்று விளங்கும். இடுப்புவலிக்கும் முதுகுவலிக்கும் காரணமான அதிர்ச்சி பின்சக்கரத்திலிருந்து சீட்டுக் குழாய் வழியாக நேரே ஏறுகிறது. முன் சஸ்பென்ஷன் அதைத் தொடுவதே இல்லை. ‘முதுகு வலிக்கிறது, அதனால் ஷாக் வைத்த வண்டி’ என்று வாங்குபவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

அடுத்தது வேகம். ஒரு மேட்டில் மோதும்போது சக்கரம் எவ்வளவு விரைவாக மேலே தள்ளப்படுகிறது என்பது வண்டியின் வேகத்தைப் பொறுத்தது. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்பக் கூடும். ஆகவே மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் ஏறும் அதே மேட்டில் 36 கி.மீ. வேகத்தில் ஏறினால், சமாளிக்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ ஒன்பது மடங்காகிறது. மலைச்சரிவில் பாய்பவருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் சஸ்பென்ஷன் இல்லாமல் முடியாது. காய்கறி வாங்கப் போகிறவர் வேகத்தடையைப் பார்த்ததும் பிரேக் பிடிக்கிறார். சீட்டிலிருந்து சற்றே எழுந்து முழங்காலையும் முழங்கையையும் மடக்கிக்கொண்டால் மீதி அதிர்ச்சியை உடலே வாங்கிக்கொள்ளும். நன்கு ஓட்டப் பழகியவர்கள் இதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்கிறார்கள்.

மலிவு ஃபோர்க்கின் குறைகள்

மலிவு ஃபோர்க்கில் குழாய்கள் ஒன்றையொன்று உரசும் உராய்வு மிகுதி. பாடநூலில் படிக்கும் நிலை உராய்வு இங்கே நேரடியாக வேலை செய்கிறது. அதை வெல்லும் அளவு பெரிய அடி விழுந்தால்தான் குழாய் நகரவே தொடங்கும். சாலையின் சிறுசிறு அதிர்வுகள்தாம் கையை மரத்துப்போகச் செய்பவை. அவற்றுக்கு இந்த ஃபோர்க் அசைவதில்லை. பெரிய பள்ளத்திலோ முழுவதும் அமுங்கி ‘டக்’கென்று அடிக்கிறது. இடைப்பட்ட ஒரு சிறு எல்லையில் மட்டும் அது வேலை செய்கிறது.

மாணவர்களைப் பொறுத்தவரை இன்னொரு சிக்கலும் உண்டு. வில்லின் விறைப்பு பெரும்பாலும் வளர்ந்த ஒருவரின் எடையை மனத்தில் கொண்டே அமைக்கப்படுகிறது. ஒருவர் ஏறி உட்கார்ந்தவுடன் ஃபோர்க் தன் டிராவலில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை இறங்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 40 கிலோ எடையுள்ள எட்டாம் வகுப்பு மாணவி உட்கார்ந்தால் பல வண்டிகளில் அது அசைவதே இல்லை. காற்றடைத்த வில்லானால் ஓட்டுபவரின் எடைக்கேற்ப அழுத்தத்தை மாற்றலாம். அந்த வசதி விலை உயர்ந்த ஃபோர்க்குகளில்தான் உண்டு. மலிவு ஃபோர்க்கின் தலையில் உள்ள திருகு வில்லைத் தொடக்கத்தில் சற்று இறுக்கி வைக்குமே தவிர, வில்லின் விறைப்பை மாற்றாது.

எடையைப் பார்த்தால், எஃகுச் சாதாரண ஃபோர்க் ஒரு கிலோ அல்லது சற்றுக் கூடுதலாக இருக்கும். மலிவு சஸ்பென்ஷன் ஃபோர்க் இரண்டரை கிலோவை ஒட்டி வரும். சமதளத்தில் இந்த ஒன்றரை கிலோ பெரிய தடையல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பாலத்தில் ஏறும்போதும், வண்டியைத் தூக்கி வாசற்படி ஏற்றும்போதும்தான் அது தெரியும். எடையைவிட எரிச்சலூட்டுவது வேறொன்று. எழுந்து நின்று மிதிக்கும்போது ஒவ்வொரு மிதிக்கும் முன்பக்கம் குனிந்து எழுகிறது. மிதிக்கும் வலுவில் ஒரு பங்கு வில்லை அமுக்குவதிலேயே செலவாகிறது. முன் பிரேக்கை அழுத்தினாலும் முன்பக்கம் தாழ்கிறது. இத்தகைய வண்டிகளோடு பெரும்பாலும் வரும் முரட்டுக் கட்டை டயர் தார்ச்சாலையில் இரைச்சலிட்டு இழுப்பதும் சேர்ந்தால், எதிர்காற்றில் பள்ளி செல்லும் பிள்ளைக்குச் சைக்கிளே வெறுத்துப்போகலாம். சில மாதங்களில் வண்டி வீட்டு மூலையில் சாய்ந்து நிற்கத் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பராமரிப்பும் எண்ணத்தக்கது. புழுதி, மழைநீர், கடலோர ஊர்களில் உப்புக்காற்று ஆகியவை பளபளப்பான குழாயில் துருப்புள்ளிகளை உண்டாக்கும். துரு ஏறிய குழாய் ரப்பர் அடைப்பைக் கிழிக்கும். பஞ்சர் ஒட்டி, வீல் பெண்டு எடுத்துத் தரும் தெருமுனைக் கடைக்காரரால் இதற்கு எதுவும் செய்ய முடிவதில்லை. மலிவு ஃபோர்க்குகள் பலவற்றுக்கு உதிரிப்பாகமே கிடைக்காது. முழுவதையும் மாற்ற வேண்டும். மட்கார்டும் முன்கூடையும் பொருத்துவதிலும் தொல்லை உண்டு. மழைக்காலத்தில் சேற்றுநீர் சீருடையில் தெறிக்கும்போதுதான் மட்கார்டின் அருமை தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கணக்கு உள்ளது. விலை ஒன்றாக இருக்க, ஒரு வண்டியில் மட்டும் கூடுதலாக ஒரு பாகம் இருக்கிறதென்றால், அதற்கான பணம் வேறெங்கோ குறைக்கப்பட்டிருக்க வேண்டும். பிரேக்கிலோ, சக்கர ஹப்பிலோ, செயினிலோ, ரிம்மிலோ அது குறைந்திருக்கும். இவை நாள்தோறும் உழைப்பவை. இவற்றின் குறை வாங்கிய நாளில் கண்ணுக்குத் தெரிவதில்லை.

டயரும் காற்றும்

சொகுசை விரும்புபவர் முதலில் பார்க்க வேண்டியது டயரின் அகலத்தை. 28 மி.மீ. டயரில் ஓட்டுபவரை 40 மி.மீ. டயருக்கு மாற்றினால் கிடைக்கும் மென்மை, மலிவு ஃபோர்க் தரும் மென்மையைவிடக் கூடுதல். அதோடு அது பின்சக்கரத்துக்கும் கிடைக்கும். டயரின் பக்கவாட்டில் குறைந்தபட்ச, அதிகபட்சக் காற்றழுத்தம் பி.எஸ்.ஐ. கணக்கில் பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்கும். பலர் அதிகபட்ச எண்ணையே சரியான அளவு என்று எண்ணி, கல்போல இறுகும்வரை அடிக்கிறார்கள். 50 மி.மீ. அகல டயருக்கு, ஓட்டுபவரின் எடையைப் பொறுத்து, 30 முதல் 45 பி.எஸ்.ஐ. பெரும்பாலும் போதும். பின்சக்கரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவும் முன்சக்கரத்துக்குச் சற்றுக் குறைவாகவும் வைக்கலாம். அச்சிட்ட எல்லைக்குக் கீழே போகக்கூடாது. போனால் டியூப் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் அருகருகே இரண்டு ஓட்டைகள் விழும்.

கை மரத்துப்போவதற்கும் சஸ்பென்ஷன் இல்லாமை ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் உடல் முன்னே சரிந்து முழுப் பாரமும் உள்ளங்கையில் இறங்கும். சுண்டுவிரல் பக்கமாகச் செல்லும் நரம்பு அழுந்துவதால் அவ்விரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. சீட்டைச் சமமாக்கி, ஹேண்டில்பாரைச் சற்று உயர்த்தினால் பலருக்கு இது தீரும். செலவு ஒரு ஸ்பேனர் பிடிக்கும் நேரம்தான். வயதானவர்களுக்கு வில் வைத்த அகலமான சீட் பொருந்தும்.

தேவைப்படும் இடங்கள்

சஸ்பென்ஷனே வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. தேயிலைத் தோட்டங்களின் கல் பாதை, காட்டு வண்டித்தடம், ஜல்லி கொட்டி ஆண்டுக்கணக்காகத் தார் போடாத சாலை ஆகியவற்றில் தினமும் வேகமாக ஓட்டுபவருக்கு நல்ல முன் சஸ்பென்ஷன் கட்டுப்பாட்டைக் கூட்டும். இங்கே சொகுசு இரண்டாவது பயன். முன்சக்கரம் துள்ளாமல் தரையோடு ஒட்டியிருப்பதால் திருப்பவும் நிறுத்தவும் முடிகிறது என்பதே முதற்பயன். மணிக்கட்டு மூட்டுவலி உள்ளவர்களுக்கும், சின்னச் சக்கர மடக்கு வண்டிகளுக்கும், தொடர்ந்து 25 கி.மீ. வேகத்தில் செல்லும் கனமான மின்மிதிவண்டிகளுக்கும் இது பயன்படலாம். ஆனால் அந்த ஃபோர்க்கில் எண்ணெய்த் தணிப்பானும், தார்ச்சாலையில் அசையாமல் பூட்டிவைக்கும் ‘லாக் அவுட்’ வசதியும், கிடைக்கக்கூடிய உதிரிப்பாகங்களும் இருக்க வேண்டும். அதற்குரிய விலையும் இருக்கும். அந்த விலை கைக்கு எட்டாதபோது சஸ்பென்ஷன் இல்லாத வண்டியை வாங்குவதே மேல்.

கடையில் சோதிக்கும் முறை எளிது. முன் பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு, ஹேண்டில்பாரை முழு எடையுடன் அமுக்க வேண்டும். ஓட்டப்போகிறவரே அமுக்குவது முக்கியம். கடைக்காரர் அமுக்கிக் காட்டுவது கணக்கில் வராது. ஃபோர்க் தடையின்றி இறங்கி, துள்ளாமல் மெதுவாக மேலேறினால் தணிப்பான் இருக்கிறது. விட்டவுடன் கையை உதறித் தள்ளினால் வில் மட்டுமே இருக்கிறது. பிறகு பிரேக்கை விடாமல் வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்கலாம். புது வண்டியிலேயே ஃபோர்க் குழாய்கள் ‘கடக் கடக்’ என்று ஆடினால் அதை எடுக்காமல் இருப்பது நல்லது.

ஏற்கெனவே சஸ்பென்ஷன் உள்ள வண்டியை வைத்திருப்பவர்கள் பளபளப்பான குழாய்களை வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைத்து, அடைப்பின் ஓரத்தில் சேரும் புழுதியை அகற்ற வேண்டும். வேகமாகப் பாயும் நீரை அங்கே பீய்ச்சக்கூடாது. ஃபோர்க் தேய்ந்துபோய்ச் சாதாரண ஃபோர்க்காக மாற்ற விரும்பினால் மூன்று அளவுகள் ஒத்துப்போக வேண்டும்: ஹேண்டிலோடு இணையும் குழாயின் தடிமனும் நீளமும், பிரேக் பொருத்தும் இடம், சக்கர அச்சிலிருந்து ஃபோர்க்கின் தோள்வரை உள்ள உயரம். சஸ்பென்ஷன் ஃபோர்க் உயரமானது. மிகக் குட்டையான ஃபோர்க்கைப் பொருத்தினால் வண்டியின் முன்பக்கம் தாழ்ந்து திருப்பும் கோணம் மாறிவிடும். லேசாகத் தொட்டாலே ஹேண்டில் திரும்பும். அதனால் பழைய ஃபோர்க்கின் உயரத்தை, ஒருவர் ஏறி உட்கார்ந்து அது சற்றே அமுங்கிய நிலையில் அளந்து, அந்த உயரத்துக்கு நெருங்கியதையே கேட்டு வாங்க வேண்டும்.